முதல் கட்டிங்கை ஊற்றுவது யார்?

சாயங்காலம் 7 மணி. வட சென்னையில் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சந்து. வலைக் குவியலின் மேல் உட்கார்ந்திருந்த நாலு பேரில் ஒருவர், எதிர்த் திண்ணையில் போன் நோண்டிக்கொண்டிருந்த பையனைக் கூப்பிட்டார். "டேய் தம்பி, ஓடிப்போயி நாலு தண்ணி பாக்கெட்டு, நாலு கப்பு, இருபது ரூபாக்கு மாங்கா வாங்கினு வா. மிச்சத்த நீயே வச்சிக்கோ." பையன் எட்டாம் வகுப்பு. என்னிடம் கணக்கு டியூஷன் படிக்கிறவன். அன்றைக்கு வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பியிருந்தான். திரும்பி வரும்போது என்னைப் பார்த்ததும் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டான். அனுப்பியவருக்கு அந்தக் கூச்சம் எல்லாம் இல்லை. "சார், பையனுக்கு ஒண்ணும் குடுக்கல சார். சைடிஷ் வாங்கியார மட்டும்தான்" என்றார் சிரித்துக்கொண்டே.

அவர் சொன்னது பொய் இல்லை. அவர்கள் எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் இந்த வேலைக்கு ஒரு படிக்கட்டு உண்டு. தண்டையார்பேட்டையில் மாலை நேர டியூஷன் நடத்துகிற எனக்கு அதன் படிகள் இப்போது மனப்பாடம். முதலில் தண்ணி பாக்கெட். கொஞ்ச நாளில் சோடா உடைத்துக் கொடுப்பது. அப்புறம் ஊற்றிக் கொடுப்பது: எதற்குத் தண்ணி, எதற்குக் கூல்டிரிங்ஸ், எவ்வளவு ஊற்றினால் லைட், எவ்வளவு விட்டால் ராவாக இருக்கும் என்பதெல்லாம் கைப்பழக்கம் ஆகிவிடும். காலிப் பாட்டிலைப் பொறுக்கிக் காயலாங்கடையில் போட்டால் கைச்செலவுக்குக் காசு. வாயில் ஒரு சொட்டு படுவதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே பார் சப்ளையர் வேலை முழுசாகத் தெரிந்த பையன்களைப் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு ஒரு சாவு வீடோ, கல்யாணமோ, கோயில் திருவிழாவோ வருகிறது. யாரோ ஒரு மாமா கப்பை நீட்டுகிறார். "ஒரு வாய் போடு, ஒண்ணும் ஆவாது."

இளவயதுக் குடியைத் தடுப்பது பற்றிப் பேச்சு வந்தால், நாம் நேராகக் கடை வாசலுக்குப் போய்விடுகிறோம். கடையை மூடு, நேரத்தைக் குறை, வயசைக் கேள். எல்லாம் நியாயம்தான். ஆனால் எங்கள் தெருவில் இப்போது 25, 30 வயதில் இருக்கும் பையன்களிடம் "முதல் தடவை எங்கே கிடைத்தது?" என்று கேட்டுப் பாருங்கள். "நானே கடைக்குப் போய் வாங்கினேன்" என்று என்னிடம் ஒருத்தன்கூடச் சொன்னதில்லை. அண்ணன் கொடுத்தான், மாமா கொடுத்தார், டீமில் பெரிய பையன் கொடுத்தான். கடைக்கும் பையனுக்கும் நடுவில் எப்போதும் தெரிந்த ஒருவரின் கை இருக்கிறது. அந்தக் கையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கவுன்டரோடு நின்றுபோகும் சட்டம்

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்கக் கூடாது. பக்கத்தில் புதுச்சேரியில் 18, கேரளத்தில் 23, டெல்லியில் 25. ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு எண். 1983இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் இருந்து சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. கடைகள் பகல் 12 முதல் இரவு 10 வரை. மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் பள்ளிக்கும் கோயிலுக்கும் 50 மீட்டருக்குள் கடை இருக்கக் கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டர். 50 மீட்டர் என்றால் என்ன என்று தங்கசாலைப் பக்கம் ஒருமுறை நடந்து பாருங்கள். நாலு வீடு தாண்டினால் முடிந்துவிடும். 2024–25இல் இந்த வியாபாரத்தில் அரசுக்கு வந்த வருமானம் 48,000 கோடி ரூபாயைத் தாண்டியது. அவ்வளவு பெரிய தொகையை ஓர் அரசு ஒரே நாளில் விட்டுவிடும் என்று காத்திருந்தால் நம் பையன்கள் பேரன் எடுத்துவிடுவார்கள். ஆகவே அந்த விவாதத்தை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் இருக்கிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 77. 18 வயது ஆகாத பிள்ளைக்கு, டாக்டர் எழுதிக் கொடுக்காமல், மதுவோ போதைப் பொருளோ புகையிலையோ கொடுத்தால் 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். அடுத்த பிரிவு 78: மது விற்க, கொண்டுபோக, சப்ளை செய்ய ஒரு சிறுவனைப் பயன்படுத்தினாலும் அதே தண்டனை. கடைக்காரர், பார்காரர் என்று சட்டம் பிரிக்கவில்லை. "கொடுக்கிற எவரும்." அதில் மாமாவும் அடக்கம்.

எங்கள் பக்கம் லோடு ஏற்றும் ஒருவரிடம் இதைச் சொன்னேன். முதலில் சிரித்தார். அப்புறம், "ஏழு வருஷமா? நெஜமாவா சார்?" என்று இரண்டு தடவை கேட்டார். மாமாக்களை எல்லாம் பிடித்து உள்ளே போடச் சொல்லவில்லை நான். கல்யாண வீட்டில் ஒரு கப்புக்காக யாரும் ஸ்டேஷனுக்குப் போகப் போவதும் இல்லை. ஆனால் 'விளையாட்டு' என்று நினைத்துச் செய்கிற காரியத்துக்குச் சட்டத்தில் இப்படி ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்தால் கை கொஞ்சம் தயங்கும். போதைப்பொருள் எதிர்ப்பு என்று பள்ளிகளில் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து உறுதிமொழி வாங்குகிறோம். அந்த உறுதிமொழியை முதலில் வாங்க வேண்டியது கல்யாண மண்டப வாசலில்.

ஒரு கட்டிங்கின் கணக்கு

கணக்கு வாத்தியார் என்பதால் இதைப் போட்டுக் காட்டாமல் இருக்க முடியவில்லை. குவாட்டர் என்பது 180 மில்லி. அதை இரண்டு பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு கட்டிங், 90 மில்லி. பாட்டில் மேல் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அப்படியானால் ஒரு குவாட்டரில் சுத்தமான ஆல்கஹால் சுமார் 60 கிராம், ஒரு கட்டிங்கில் 30 கிராம். உலக அளவில் ஆராய்ச்சியாளர்கள் 'ஒரு டிரிங்க்' என்று எழுதுவது பொதுவாக 10 கிராமை. நம் ஊரில் "சும்மா ஒரு கட்டிங்தான்" என்று சொல்வது அந்தக் கணக்கில் மூன்று.

இதை 45 கிலோ எடையுள்ள ஒன்பதாம் வகுப்புப் பையன் வெறும் வயிற்றில் ஒரே மூச்சில் அடிக்கிறான் என்று வையுங்கள். ஒளிந்து குடிக்கிறவன் ஒரே மூச்சில்தான் அடிப்பான், யாராவது வந்துவிடுவார்களே. அவன் ரத்தத்தில் ஆல்கஹால் 100 மில்லிக்கு 80 மில்லிகிராமுக்கு மேல் ஏறிவிடும். வண்டி ஓட்டுகிற பெரியவருக்கே சட்டம் அனுமதிக்கும் வரம்பு 30 மில்லிகிராம். வளர்ந்த ஆளின் கல்லீரலே மணிக்கு ஏழெட்டு கிராம்தான் கரைக்கும் என்பதால், அந்த ஒரு கட்டிங் முழுசாக இறங்க சுமார் நான்கு மணி நேரம் ஆகும். எலுமிச்சைச் சாறு, மோர், பச்சைத் தண்ணீர்க் குளியல் எதுவும் அந்தக் கடிகாரத்தை வேகமாகச் சுற்ற வைக்காது.

அந்த நான்கு மணி நேரத்தில் பையன் என்ன ஆகிறான் என்பதுதான் விபரீதம். பெரியவர்கள் அதிகம் குடித்தால் மட்டையாகிவிடுவார்கள். நாக்கு குழறும், கால் தடுமாறும், தூக்கம் வரும். பார்க்க அசிங்கம், ஆனால் உடம்பு போடும் பிரேக் அது. பதின்வயது மூளையில் அந்த பிரேக் தாமதமாகப் பிடிக்கிறது. தூக்கமும் தள்ளாட்டமும் அவனுக்குக் குறைவு; கூச்சம் விட்டுப்போவதும் ஞாபகம் கலைவதும் அதிகம். அதோடு, யோசித்து நிதானிக்கிற முன்பக்க மூளை 25 வயது வாக்கில்தான் முழுசாக முதிர்கிறது. ஆக்சிலேட்டர் புதுசு, பிரேக் பாதி. எண்ணூர் விரைவுச் சாலையில் ராத்திரி பைக்கில் மூன்று பேராகப் போகும் பையன்களைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

"எனக்கு ஏறவே இல்ல மச்சான்" என்று பெருமை அடிக்கிறவனைக் கூட்டம் கெத்தாகப் பார்க்கிறது. கெபாசிட்டி உள்ளவன். உண்மையில் அது எச்சரிக்கை மணி. அமெரிக்க மனநல மருத்துவர் மார்க் ஷக்கிட், குடிநோய் உள்ள தகப்பன்களின் மகன்களையும் மற்றவர்களின் மகன்களையும் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார். இளம் வயதில் குடித்தும் அதிகம் 'ஏறாதவர்கள்'தான் பின்னாளில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தது. ஏறாததால் இன்னொன்று, அதுவும் ஏறாததால் இன்னொன்று. குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி பரம்பரை வழியாக வருகிறது என்று இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் சொல்கின்றன. அப்பா குடியில் அழிந்த வீட்டுப் பையனிடம் "உனக்கு மட்டும் இது டபுள் டேஞ்சர்டா" என்று சொல்வது திட்டுவது ஆகாது. சர்க்கரை வியாதி உள்ள வீட்டில் சொல்கிற மாதிரிச் சொல்லலாம்.

தள்ளிப்போட்டாலே பாதி வேலை முடிந்தது

முதல் கப் எந்த வயதில் வருகிறது என்பதைப் பொறுத்து நிறைய மாறுகிறது. 1990களில் அமெரிக்காவில் 27,000க்கும் அதிகமானவர்களிடம் எடுத்த பெரிய கணக்கெடுப்பு ஒன்று உண்டு. 14 வயதிலோ அதற்கு முன்போ குடிக்கத் தொடங்கியவர்களில் 40 சதவீதத்துக்கு மேல் வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதுக்கு மேல் தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம். சீக்கிரம் தொடங்குகிறவர்களின் வீட்டுச் சூழலும் மோசமாக இருந்திருக்கலாம், எல்லாப் பழியும் வயதின் மேல் இல்லை என்பது சரிதான். அப்படிக் கழித்துப் பார்த்தாலும், தள்ளிப்போடுவது லாபம் என்பதில் பெரிய சண்டை இல்லை.

எனக்கு இது நிம்மதி தருகிற செய்தி. "வாழ்நாள் முழுக்கக் குடிக்காதே" என்று ஒரு 14 வயதுப் பையனிடம் சத்தியம் வாங்கினால் அவனே நம்ப மாட்டான். "பிளஸ் டூ முடியிற வரைக்கும் வேண்டாம். அப்புறம் காலேஜ் முடியட்டும், பேசலாம்" என்றால் காது கொடுக்கிறான். ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போவது அவன் கணக்கில் வரவு.

இங்கே ஒரு வாதம் கட்டாயம் வரும். "எப்படியும் வெளியில குடிக்கத்தான் போறான். நம்ம கண்ணு முன்னாடி ஒரு டம்ளர் பீர் குடுத்துப் பழக்கிட்டா அளவோட இருப்பான்." ராயபுரத்தில் படித்த, நல்ல வேலையில் இருக்கிற அப்பா ஒருவர் என்னிடம் சொன்னது இது. ஆஸ்திரேலியாவில் 1,927 பிள்ளைகளை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பெற்றோரே கொடுத்த பிள்ளைகள் அளவோடு இருக்கவில்லை. ஒரே தடவையில் நிறையக் குடிப்பதும், அதனால் வரும் வம்புகளும் அவர்களிடம் கூடத்தான் செய்தன. வீட்டில் கிடைத்ததால் வெளியில் குறைத்துக்கொள்ளவும் இல்லை, வெளியிலும் வாங்கினார்கள். வீட்டில் கொடுத்த டம்ளரைப் பையன் லைசென்ஸாக எடுத்துக்கொள்கிறான். அவ்வளவுதான்.

இன்னொரு தவறான கணக்கு பையன்களின் மனசில் இருக்கிறது. "எல்லாரும்தான் குடிக்கிறாங்க." 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் குடிப்பவர்கள் நான்கில் ஒருவர் அளவில்தான். மற்ற மூன்று பேர் சத்தம் போடுவதில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போய் சாப்பிட்டுப் படுத்துவிடுகிறார்கள். சந்து முனையில் நிற்கிறவர்தான் கண்ணில் படுகிறார். மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வில், நாடு முழுக்க 10 முதல் 17 வயதுக்குள் குடிக்கிறவர்கள் 1.3 சதவீதம், அதாவது சுமார் 30 லட்சம் பேர். உண்மை இதைவிடக் கூடுதலாகவே இருக்கும் என்பது என் எண்ணம். வீட்டுக்கு வந்து கேட்கிறவரிடம் எந்தப் பையன் ஆமாம் என்பான்? ஆனாலும் 'எல்லாரும்' என்பதற்கும் இதற்கும் வெகு தூரம். வகுப்பில் பேர் போடாமல் சீட்டில் எழுதிப் போடச் சொல்லி, எண்ணிக் காட்டினால் பையன்கள் முகத்தில் ஆச்சரியம் தெரியும்.

அதே எய்ம்ஸ் ஆய்வில் என்னை அதிகம் உறுத்தியது வேறு ஒன்று. சொல்யூஷன், ஒயிட்னர் மாதிரி மோந்து பார்க்கிற போதை. அது ஒன்று மட்டும் பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிகம்: பெரியவர்களில் 0.58 சதவீதம், பிள்ளைகளில் 1.17. பாட்டிலுக்குக் காசு இல்லாதவன் பஞ்சர் கடைக்குப் போகிறான். தனிக் கட்டுரையே எழுத வேண்டிய விஷயம் அது.

நாலு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவில்

வட சென்னை என்றாலே சினிமாவில் கையில் கத்தி, வாயில் பாட்டில் என்று காட்டிக் காட்டிப் பழக்கிவிட்டார்கள். பெசன்ட் நகர் பிளாட்டில் ஏசி போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிற பிளஸ் ஒன் பையன் யார் கண்ணிலும் படுவதில்லை. கொருக்குப்பேட்டைப் பையன் ரயில்வே கேட் ஓரம் நின்றால் ஊருக்கே தெரியும். வித்தியாசம் குணத்தில் இல்லை, வீட்டு அளவில் இருக்கிறது. இங்கே நிறைய வீடுகள் ஒரே அறை. பாட்டி படுத்திருப்பாள், தங்கை படிப்பாள், அம்மா சமைப்பாள். தெருதான் பையனுக்கு ஹால்.

அம்மா மீன் விற்கப் போயிருப்பார், வீட்டு வேலைக்கோ கம்பெனிக்கோ போயிருப்பார். அப்பா துறைமுகத்தில், மணலியில், ஆட்டோவில். பள்ளி விட்டு 4 மணிக்கு வரும் பையனுக்கு 8 மணி வரை சொந்தமாக யாரும் கிடையாது. அந்த நாலு மணி நேரத்தை யார் எடுத்துக்கொள்கிறார்களோ அவர்களுடைய பையனாக அவன் ஆகிறான். கேரம் போர்டு எடுத்துக்கொள்ளலாம், டியூஷன் எடுத்துக்கொள்ளலாம், சந்து முனை அண்ணனும் எடுத்துக்கொள்ளலாம்.

வருஷத்தில் இந்த ஓட்டை பெரிதாகத் திறக்கும் காலம் ஒன்று இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் காசிமேட்டில் வரிசையாக நிற்கும். கடலுக்குப் போகிறவர்கள் கரையில், கையில் வேலை இல்லை. சரியாக அதே மாதங்களில் பள்ளிக்கூடக் கோடை விடுமுறை. வேலை இல்லாத பெரியவர்களும் பள்ளி இல்லாத பையன்களும் ஒரே நிழலில் உட்காருகிறார்கள். வலை பின்னுவது, என்ஜின் பழுது பார்ப்பது என்று நல்ல தொழில் கற்றுக்கொள்வதும் அந்த நிழலில்தான். கப்பைப் பிடிக்கக் கற்றுக்கொள்வதும் அங்கேதான். கோடைக்கால முகாம்களைத் திட்டமிடுகிறவர்கள் இந்த இரண்டு தேதிகளை மட்டும் சுவரில் எழுதி வைத்துக்கொண்டால் போதும்.

இந்த ஓட்டையை அடைத்துக் காட்டிய ஊர் ஐஸ்லாந்து. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதை ஆகும் அளவுக்குக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். பயமுறுத்தும் சொற்பொழிவால் வந்த மாற்றம் இல்லை. பிள்ளைகள் ராத்திரி நேரம் கழித்துத் தனியே சுற்றக்கூடாது என்று நேரக் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். விளையாட்டு, இசை, நடன வகுப்புகளுக்கு அரசுப் பணம் கொடுத்தார்கள். ஒரே வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றுகூடி, யார் வீட்டிலும் பிள்ளைகளுக்கு மது கிடைக்காது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். வருஷா வருஷம் பிள்ளைகளிடமே கேட்டுக் கணக்கெடுத்து, அந்தந்தப் பள்ளிக்கு அந்தந்தப் பள்ளியின் கணக்கைக் காட்டினார்கள்.

ஐஸ்லாந்து பணக்கார நாடு, நாலு லட்சம்கூடத் தேறாத ஜனத்தொகை, நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். வகுப்புக்குப் பணம் கொடுப்பது அரசு செய்ய வேண்டியது. பெற்றோர் ஒப்பந்தத்துக்குப் பணம் தேவையில்லை. ஒரே தெருவில் ஒன்பதாம் வகுப்புப் பையன்களின் அம்மாக்கள் ஆறு பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தால் போதும். "என் பையன் உன் வீட்டுலயா இருக்கான்?" என்று கேட்கவும், "இல்லையே" என்று உண்மையைச் சொல்லவும். பையன்கள் இந்த குரூப்பை வெறுப்பார்கள். வெறுத்தால் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே அதை மருந்து மாதிரி பேசுகிறார்கள். புது வண்ணாரப்பேட்டையில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். வியாசர்பாடியில் தெருவுக்குத் தெரு கால்பந்து. எல்லாம் பெருமைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஜெயித்த டீம் பரிசுப் பணத்தை எங்கே கொண்டுபோய்ச் செலவழிக்கிறது? ஐஸ்லாந்து ஆய்விலேயே இதைப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பயிற்சியாளர், நேரம், விதி என்று ஒழுங்காக நடக்கும் கிளப் விளையாட்டில் இருக்கும் பிள்ளைகள் குறைவாகக் குடிக்கிறார்கள். தாங்களாகவே கூடி ஆடுவதில் அந்தப் பாதுகாப்பு இல்லை. பந்து யாரையும் காப்பாற்றாது. காலையில் ஐந்தரைக்கு கிரவுண்டில் நின்று, வாயை ஊதச் சொல்லுகிற கோச் காப்பாற்றுவார்.

பேசுவது எப்படி

கல்லீரல் படம் காட்டிப் பயமுறுத்துவது அதிகம் பயன்படுவதில்லை. அமெரிக்காவில் போலீஸ்காரர்கள் வகுப்புக்கு வந்து போதை எதிர்ப்புப் பாடம் எடுக்கும் 'டேர்' என்ற திட்டம் 1983இல் தொடங்கி நாடெங்கும் பரவியது. ஆராய்ந்து பார்த்தால் அதில் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காத பிள்ளைகளுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. 15 வயதுக்காரனுக்கு 45 வயதில் வரும் கல்லீரல் நோய் அடுத்த ஜென்மம் மாதிரி. அவனுக்கு நாளைக்குப் புரிகிற விஷயம் வேண்டும்: போனில் வீடியோ எடுத்துப் பரப்புவார்கள், டீமில் இடம் போகும், போதையில் கை நீட்டினால் கேஸ் ஆகும், போலீஸ் வேலைக்குப் போகும்போது அந்தக் கேஸ் எழுந்து நிற்கும்.

கப் நீட்டப்படும்போது மரியாதை கெடாமல் தப்பிக்க ஒரு சாக்கும் வேண்டும். "வேண்டாம்" என்று சொல்வது சினிமாவில் சுலபம். நிஜத்தில் மாமாவின் கையைத் தட்ட முடியாது. "மாத்திரை சாப்பிடுறேன் மாமா", "நாளைக்குக் காலைல செலக்‌ஷன் இருக்கு", "அம்மா மோந்து பாக்கும்ணா". இந்த மூன்றாவது சாக்கைப் பையன்கள் அதிகம் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தபோது, உண்மையிலேயே மோந்து பார்க்கிற அம்மாக்கள் மேல் எனக்கு மரியாதை கூடியது. கண்டிப்பான அம்மா பையனுக்குக் கேடயம்.

அப்பா குடிக்கிற வீட்டில் என்ன செய்வது என்று கேட்பார்கள். அப்பா நிறுத்தினால் நல்லது. நிறுத்தும் வரை செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பையனைச் சைடிஷ் வாங்க அனுப்பாமல் இருக்கலாம். வீட்டில் பாட்டில் வைக்காமல் இருக்கலாம். "நேத்து செம்ம மப்பு" என்று பையன் முன்னால் கதை அளக்காமல் இருக்கலாம். "நான் மாட்டிக்கிட்டேன்டா, நீ மாட்டாத" என்று ஒரு அப்பா தன் வாயால் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். அந்த வீட்டுப் பையன் இன்றுவரை தொடவில்லை. ஒரு வீட்டை வைத்து விதி சொல்ல முடியாது, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

ஏற்கெனவே குடித்துவிட்டு வந்தவனிடம் அன்றைக்கு ராத்திரி நியாயம் பேசாதீர்கள். காலையில் பேசலாம். ராத்திரி பார்க்க வேண்டியது அவன் மூச்சை. உலுக்கினாலும் எழவில்லை, மூச்சு மெதுவாக விட்டுவிட்டு வருகிறது, உடம்பு ஜில்லிட்டிருக்கிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் தூங்கட்டும் என்று விடக் கூடாது. தூங்கிய பிறகும் வயிற்றில் இருக்கிற சரக்கு ரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108ஐக் கூப்பிட வேண்டும். மோர் ஊற்றுவது, விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது, தலையில் தண்ணீர் கொட்டுவது எல்லாம் வேண்டாம். மயக்கத்தில் வாந்தி மூச்சுக்குழலில் போய்த்தான் பலர் சாகிறார்கள். கூட இருந்த பையன்கள் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து விட்டுவிட்டு ஓடுவது உண்டு. "யாரையும் திட்ட மாட்டேன், போன் பண்ணு" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிற வீட்டுக்குத்தான் அந்த போன் வரும்.

பழக்கமாகிவிட்டது என்று தெரிந்தால், ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவும், 1794இல் இருந்து இயங்கும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையும் வட சென்னையில் இருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கின்றன. காசு கிடையாது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். பிள்ளைகளை மதுக் கடத்தலிலோ விற்பனையிலோ இழுத்தால் 1098, மதுவிலக்குப் போலீஸுக்கு 10581.

அந்த எட்டாம் வகுப்புப் பையன் இப்போது பத்தாவது. அந்த வாரமே அவனை அனுப்பியவரின் வீட்டுக்குப் போனேன். சட்டம் எதுவும் பேசவில்லை. "அவனுக்கு சாயங்காலம் கணக்கு வகுப்பு இருக்குண்ணே, அந்த நேரத்துல வேலை சொல்லாதீங்க" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அவருக்குக் கோபம். ரெண்டு மாசம் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடியை அவர் விடவில்லை. வலைக் குவியல் மேல் அதே நாலு பேர்தான் உட்காருகிறார்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது, தண்ணி பாக்கெட் வாங்கிக்கொண்டு அவரே மெதுவாக நடந்து வந்தார். என்னைப் பார்த்து, "பையன் பரிச்சை எப்பிடி எழுதிக்கிறான் சார்?" என்றார்.